நகம் அளவு ஸ்பீக்கரில் தொப்பூர் மலை டீசல் இன்ஜின்: மாடல் ரயிலின் சத்தத்தை மேம்படுத்துவது எப்படி?

தொப்பூரிலிருந்து முத்தம்பட்டி வழியாக சிவாடிக்கு மலையேறும் ரயில் பாதை, தருமபுரி மாவட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு ஒரு சத்தமாகவே ஞாபகம் இருக்கும். ரயில் கண்ணில் படும் முன்பே டீசல் இன்ஜினின் 'குடுகுடு' உறுமல் வந்துவிடும். இன்று அதே பாதையில் மின்கம்பி வந்துவிட்டது, மின்சார இன்ஜின்கள் ஓடுகின்றன. புகை இல்லை, டீசல் செலவு இல்லை. நல்ல விஷயம்தான். ஆனால், அந்த உறுமல் குறைந்துகொண்டே வருகிறது.

ஒரு ரயில் சத்தத்தை இழப்பது இந்த மாவட்டத்துக்குப் புதிதல்ல. 1906-ல் மொரப்பூரிலிருந்து தருமபுரிக்கு 2 அடி 6 அங்குல அகலத்தில் குறுகிய ரயில் பாதை வந்தது. 1913-ல் அது ஓசூர் வரை நீண்டது. 1941-ல் மூடப்பட்டது. அதில் ஓடிய நீராவி இன்ஜின் எப்படிக் கூவியது என்று சொல்ல இன்று ஆள் கிடைப்பதே கஷ்டம்.

டீசல் இன்ஜினுக்கும் அதே கதி வராமல் இருக்க ஒரு சின்ன வழி, மேஜை மேல் ஓடும் மாடல் ரயில். அதிலும் இப்போது டிஜிட்டல் சவுண்ட் வந்துவிட்டது. பிரச்சினை என்னவென்றால், பல மாடல்களில் அந்தச் சத்தம் தகர டப்பாவுக்குள் கொசு கத்துவதுபோல இருக்கும். காரணம், பெரும்பாலும் ஸ்பீக்கர்தான்.

டிஜிட்டல் சவுண்ட் எப்படி வேலை செய்கிறது?

'டிசிசி' எனப்படும் டிஜிட்டல் முறையில், தண்டவாளத்தில் மின்சாரமும் கட்டளையும் சேர்ந்தே போகின்றன. இன்ஜினுக்குள் இருக்கும் 'டிகோடர்' என்ற சிறிய சர்க்யூட், தனக்கான கட்டளையை மட்டும் எடுத்துக்கொண்டு மோட்டாரையும் விளக்கையும் இயக்கும். சவுண்ட் டிகோடர் என்றால், நிஜ இன்ஜினில் பதிவு செய்த ஒலியும் ஒரு குட்டி ஆம்ப்ளிஃபயரும் உள்ளேயே இருக்கும். அதிலிருந்து வரும் இரண்டு ஒயர்கள் ஸ்பீக்கருக்குப் போகின்றன.

இந்தியாவில் 1962 முதல் ஓடிய 'டபிள்யூடிஎம்-2' டீசல் இன்ஜின், அமெரிக்காவின் ஆல்கோ நிறுவன வடிவமைப்பு. அதன் உள்ளே இருப்பது '251' வகை இன்ஜின். அதனால் அமெரிக்க ஆல்கோ மாடல்களுக்கான 251 ஒலிக் கோப்பு கிடைத்தால், உறுமல் நம்ம ஊர் இன்ஜினுக்கு மிக நெருக்கமாக இருக்கும். ஹாரன் மட்டும் வேறு மாதிரி.

சின்ன ஸ்பீக்கருக்கு என்ன கஷ்டம்?

ஒரு சின்னக் கணக்கு. டபிள்யூடிஎம்-2-ல் 16 சிலிண்டர்கள். சும்மா நிற்கும்போது நிமிடத்துக்கு 400 சுற்று. இது ஃபோர் ஸ்ட்ரோக் இன்ஜின் என்பதால், ஒவ்வொரு சிலிண்டரும் இரண்டு சுற்றுக்கு ஒருமுறைதான் வெடிக்கும். அப்படியானால் நிமிடத்துக்கு 3,200 வெடிப்பு, நொடிக்குச் சுமார் 53. அதாவது, அடிப்படை ஒலி 53 ஹெர்ட்ஸ் அளவில் இருக்கிறது.

நகம் அளவு ஸ்பீக்கரால் இவ்வளவு கனமான ஒலியைத் தர முடியாது. மொபைல் ஸ்பீக்கரில் தவில் கேட்டுப் பாருங்கள். வலந்தலை 'டக் டக்' என்று தெளிவாகக் கேட்கும், தொப்பிப் பக்கத்தின் 'தொம்' காணாமல் போயிருக்கும். அதே கதைதான் இங்கும்.

ஆனால், நம் மூளை இதில் கொஞ்சம் உதவும். அடிப்படை ஒலிக்கு மேலே 106, 159, 212 ஹெர்ட்ஸ் என்று அதன் மடங்குகளும் இருக்கும். அந்த மேல் மடங்குகள் ஓரளவு சரியாகக் கேட்டாலே, விட்டுப்போன அடி ஒலியை மூளையே நிரப்பிக்கொள்ளும். நல்ல ஸ்பீக்கரின் வேலை, இந்த மடங்குகளை முடிந்தவரை கீழிருந்தே தருவது.

'சுகர் கியூப்' என்றால்?

சர்க்கரைக் கட்டி அளவில் இருப்பதால் இந்தப் பெயர். மொபைல் போன் ஸ்பீக்கர் தொழில்நுட்பத்திலிருந்து வந்தது. 11-க்கு 15 மில்லிமீட்டர் அளவு பரவலாகப் பயன்படுகிறது. பழைய வட்ட ஸ்பீக்கரை எடுத்துவிட்டு இதைப் போடுவதுதான் மாடல் ரயில் ஆர்வலர்களின் பிரபலமான அப்கிரேட்.

ஸ்பீக்கரைவிட முக்கியம், அதன் பெட்டி. ஸ்பீக்கர் முன்னால் காற்றைத் தள்ளும்போது பின்னால் இழுக்கிறது. இரண்டு அலையும் சந்தித்தால் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். முதலில் அடிபடுவது கனமான ஒலிதான். அதனால் பின்பக்கத்தை ஒரு பிளாஸ்டிக் பெட்டியால் காற்றுப் புகாமல் மூட வேண்டும். ஒயர் வரும் ஓட்டையைக்கூட பசையால் அடைக்க வேண்டும். இடம் இருக்கும்வரை பெட்டி பெரிதாக இருந்தால் நல்லது.

டிகோடர் எப்போது எரியும்?

கவனிக்க வேண்டிய இடம் இதுதான். ஸ்பீக்கர் சில நூறு ரூபாய். டிகோடர் பல ஆயிரம். ஸ்பீக்கரின் 'ஓம்' அளவு டிகோடருக்குப் பொருந்தாவிட்டால் ஆம்ப்ளிஃபயர் போய்விடும்.

உதாரணத்துக்கு, இஎஸ்யூ நிறுவனத்தின் பழைய 'லோக்சவுண்ட் 3.5' டிகோடருக்கு 100 ஓம் ஸ்பீக்கர் வேண்டும். அதில் 8 ஓம் சுகர் கியூப் போட்டால் ஆபத்து. புதிய 'லோக்சவுண்ட் 5' 4 முதல் 32 ஓம் வரை ஏற்கும். இரண்டு 8 ஓம் ஸ்பீக்கர்களைத் தொடர் இணைப்பில் போட்டால் 16 ஓம், பக்க இணைப்பில் போட்டால் 4 ஓம். எனவே கடைக்குப் போகும் முன் டிகோடர் மேனுவலைப் பார்ப்பது கட்டாயம்.

மாற்றுவது எப்படி?

* தண்டவாளத்திலிருந்து எடுத்த பிறகே இன்ஜினைத் திறக்கவும். பழைய இணைப்பை மொபைலில் போட்டோ எடுத்துக்கொள்ளவும்.
* இடம் தேடவும். டீசல் மாடலில் எரிபொருள் டேங்க் பகுதி அல்லது கூரையின் ரேடியேட்டர் கிரில்லுக்குக் கீழ்ப்பகுதி வசதி. ஒலி வெளியே வர ஓட்டை இருக்க வேண்டும்.
* சால்டரிங் சீக்கிரம் முடியட்டும். சூடு அதிகமானால் ஸ்பீக்கர் கெட்டுவிடும்.
* ஸ்பீக்கர் முனைகள் உலோக அடிச்சட்டத்தைத் தொடக் கூடாது. இன்சுலேஷன் டேப் ஒட்டவும்.
* இரண்டு ஸ்பீக்கர் என்றால் பிளஸ், மைனஸ் ஒரே திசையில் இருக்கட்டும். மாறினால் ஒலி குறையும்.
* முதலில் வால்யூமைப் பாதியாகக் குறைத்துச் சோதிக்கவும். லோக்சவுண்டில் இது 'சிவி 63'. கரகரப்பு வந்தால் உடனே குறைக்கவும்.

கடைசி விஷயம்தான் பலர் தவறவிடுவது. வால்யூம் கூட்டினால் நிஜம் போல இருக்கும் என்று நினைக்கிறார்கள். உண்மையில் மாடல் என்பது தூரத்தில் நிற்கும் ரயில். தொப்பூர் மலையில் அந்தச் சத்தம் எப்படி வந்தது? தூரத்திலிருந்து, மெல்ல, கனமாக. அந்த அளவுக்கு வைத்தால் போதும்.