கட்டை விரலில் டூம்

2019 ஜூலை 26 அன்று நிண்டெண்டோ ஸ்விட்ச் கையடக்கக் கன்சோலுக்கு டூம் வந்தது. பிசாசுகளைச் சுட்டு விளையாடும், 1993இல் வெளியான இந்த கேம் ஓடுவதற்கு அன்றைய கம்ப்யூட்டரில் 4 எம்பி நினைவகம் போதும். ஸ்விட்சுக்குள் இருப்பது 4 ஜிபி, ஏறக்குறைய ஆயிரம் மடங்கு. ஆகவே எந்தச் சிக்கலும் இருந்திருக்கக் கூடாது. ஆனால் வெளியான அன்றே புகார்கள் கிளம்பின. தனியாக உட்கார்ந்து விளையாடும் கேமுக்கு இணையத்தில் லாகின் செய்யச் சொன்னதைப் பார்த்து ஊரே சிரித்தது. அதை வெளியிட்ட கம்பெனி சீக்கிரமே அந்தக் கட்டாயத்தை விலக்கிக்கொண்டது. அதைவிட நுட்பமான புகார், படத்தின் நீள அகல விகிதம் பிசகியிருக்கிறது என்பது. 2020 ஜனவரியில் ஒரு பெரிய அப்டேட் வந்தது. 2024 ஆகஸ்டில் உள்ளே இருந்து கேமை இயக்கும் மென்பொருளான எஞ்சினையே தூக்கிவிட்டு வேறு ஒன்றை வைத்தார்கள்.

காலிக்குலேட்டரில்கூட டூம் ஓட்டிக் காட்டுகிறார்கள் என்ற செய்தியை எல்லோரும் படித்திருப்போம். ஓட்டுவது எளிது. 1993இல் ஓடியது மாதிரியே ஓட்டுவதுதான் வேலை. ஏனென்றால் டூம் என்று நம் கை நினைவு வைத்திருக்கும் அந்த வேகம், அந்தத் திருப்பம், அந்த இலக்கு எல்லாமே அன்றைய ஏழைக் கம்ப்யூட்டருக்காகச் செய்த சிக்கனங்களிலிருந்து பிறந்தவை. அவற்றில் சில இன்றைய கன்சோலுக்குத் தொல்லை. சில, கட்டை விரலுக்குப் பெரிய வரம்.

தொல்லையிலிருந்து ஆரம்பிக்கலாம். அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் மெஸ்கீட் என்ற ஊரில் டூமை உருவாக்கிய இட் சாஃப்ட்வேரின் சின்னக் குழு, அதன் உலகம் வினாடிக்கு 35 முறை நகரும் என்று வைத்தது. ஒவ்வொரு நகர்வுக்கும் டிக் என்று பெயர். பிசாசு நடப்பது, கதவு திறப்பது, தோட்டா பாய்வது எல்லாமே டிக் கணக்கில்தான். கம்ப்யூட்டர் மெதுவானதாக இருந்தால் சில படங்களை வரையாமல் விட்டுவிடுமே தவிர, உலகத்தின் கடிகாரம் 35ஐ விட்டு நகராது. அதென்ன 35? அன்றைய விஜிஏ மானிட்டர் அந்த கேம் பயன்படுத்திய முறையில் வினாடிக்கு 70 தடவை திரையைத் தீட்டியது. 70இல் பாதி 35. ஒவ்வொரு படமும் கச்சிதமாக இரண்டு தடவை திரையில் விழும்.

ஸ்விட்சின் திரை 60 ஹெர்ட்ஸ், அதாவது வினாடிக்கு 60 தடவை. 35ஐயும் 60ஐயும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்: வினாடியின் ஐந்தில் ஒரு பங்கில் டூம் 7 படம் தரும், திரை 12 முறை புதுப்பித்துக்கொள்ளும். 7 படங்களை 12 இடங்களில் நிரப்ப வேண்டுமானால் ஐந்து படங்கள் இரண்டு தடவையும் இரண்டு படங்கள் ஒரே தடவையும் காட்டப்பட வேண்டும். நேராக நடக்கும்போது இது தெரியாது. சட்டென்று பக்கவாட்டில் திரும்பினால் சுவர் தத்தித் தத்தி நகர்வதுபோல் கண்ணை உறுத்தும். உலகத்தையே 60க்கு வேகப்படுத்தினால் பிசாசுகள் பறக்கும். எனவே நல்ல எஞ்சின்கள் உலகத்தை 35இலேயே விட்டுவிட்டு, இரண்டு டிக்குகளுக்கு நடுவில் இருக்கக்கூடிய காட்சியைத் தாமாகக் கணக்கிட்டு வரைகின்றன. அதற்கும் ஒரு விலை உண்டு. நடுவில் உள்ளதை வரைய அடுத்த டிக் என்ன என்று தெரிந்திருக்க வேண்டும். அதனால் கண்ணில் படும் உலகம் நிஜ உலகத்துக்கு ஒரு டிக் வரை பின்தங்கும். ஒரு டிக் என்பது 28.6 மில்லி வினாடி. பெரும்பாலோருக்கு அது உறைக்காது.

ஸ்டீம் டெக் என்ற இன்னொரு கையடக்கக் கன்சோலின் ஓஎல்இடி மாடலில் இதற்கு இன்னொரு வழி இருக்கிறது. அதன் திரையை 45 முதல் 90 ஹெர்ட்ஸ் வரை மாற்றிக்கொள்ளலாம். 70இல் நிறுத்திவிட்டால், இடைச்செருகல் எதுவும் இல்லாமல் 1993இன் கணக்கு அப்படியே திரும்பி வருகிறது. அதன் தயாரிப்பாளர்கள் டூமை நினைத்தா இந்த வசதியைக் கொடுத்தார்கள்? பேட்டரியை மிச்சப்படுத்தத்தான்.

அதே ஸ்டீம் டெக்கில் ஒரு பொறியும் இருக்கிறது. டூமின் படம் 320 பிக்ஸல் அகலம், 200 பிக்ஸல் உயரம். ஸ்டீம் டெக்கின் திரை 1280க்கு 800. இரண்டு பக்கமும் சரியாக நான்கு மடங்கு! திரை முழுக்க ஓர ஒழுங்கோடு நிரம்புகிறது. ஆனால் அது தப்பு. அன்றைய மானிட்டர்கள் 4:3 வடிவம் கொண்டவை; 320க்கு 200 படத்தை அந்தத் திரை மேலும் கீழும் இழுத்துக் காட்டியது. அதாவது டூமின் ஒவ்வொரு பிக்ஸலும் சதுரம் அல்ல, அகலத்தைவிட உயரம் 1.2 மடங்கு. ஓவியர்கள் பார்த்து வரைந்ததும் அந்த உருவத்தைத்தான். சதுர பிக்ஸலில் போட்டால் பிசாசுகள் குட்டையாகும், திரையின் அடியில் இருக்கும் நாயகனின் முகம் உப்பிப்போகும். ஸ்விட்சின் 720 வரிகளில் சரியான வடிவத்தில் காட்ட வேண்டுமென்றால் அகலத்தில் 3 மடங்கு, உயரத்தில் 3.6 மடங்கு. அந்த .6 இருக்கிறதே, அதுதான் வம்பு: பழைய பிக்ஸல் வரிசை ஒன்று 3 வரி உயரம், அடுத்தது 4 வரி உயரம் என்று ஏறுக்குமாறாக வரும். முழு எண்ணில் அடங்க வேண்டுமானால் 1600க்கு 1200 வேண்டும். இந்த இரண்டு கையடக்கத் திரைகளுமே அதற்குப் போதாது.

சரி, வரத்துக்கு வருவோம்.

அன்றைய 486 சிப்பில் முப்பரிமாண உலகத்தை வேகமாக வரைய, நிரலாளர் ஜான் கார்மாக் ஒரு பழைய ஆய்வுக் கட்டுரையின் யோசனையைக் கையில் எடுத்தார். ஹென்ரி ஃபுக்ஸ், ஸ்வி கெடெம், புரூஸ் நேலர் மூவரும் 1980இல் எழுதியது. ஒரு பெரிய நிலத்தை வரப்பு போட்டு இரண்டாக்கி, ஒவ்வொரு பாதியையும் மறுபடி வரப்பு போட்டுப் பிரித்துக்கொண்டே போவது மாதிரி, கேமின் வரைபடத்தை முன்கூட்டியே கோடு போட்டுப் பிரித்து மரம்போல் அடுக்கி வைத்துவிடுவார்கள். விளையாடும்போது கேட்க வேண்டியது ஒரே கேள்வி: நாயகன் இந்தக் கோட்டுக்கு இந்தப் பக்கமா, அந்தப் பக்கமா? இதைக் கேட்டுக்கொண்டே மரத்தில் இறங்கினால் சுவர்கள் கிட்டத்தில் இருப்பது முதலில், தூரத்தில் இருப்பது பிறகு என்று தாமாக வரிசையில் வந்து நிற்கும். திரையின் 320 செங்குத்துப் பட்டைகளில் சுவரால் நிரம்பிய பட்டையைக் குறித்து வைத்துக்கொள்ளலாம். எல்லாம் நிரம்பியதும் அதற்குப் பின்னால் இருக்கும் சுவர்களைத் தேடிப் போகவே வேண்டாம்.

இதோடு இன்னொரு தந்திரம். டூமில் சுவர்கள் எல்லாம் செங்குத்து, தரைகள் எல்லாம் கிடைமட்டம். சுவரின் ஒரு செங்குத்துப் பட்டை முழுக்க கண்ணிலிருந்து ஒரே தூரம் என்று வைத்துக்கொள்ளலாம். தரையின் ஒரு கிடைமட்டப் பட்டையும் அப்படியே. ஒவ்வொரு பிக்ஸலுக்கும் வகுத்தல் கணக்குப் போடுவதற்குப் பதில் ஒரு பட்டைக்கு ஒன்று போதும். அன்றைய சிப்புகளுக்கு வகுத்தல் என்பது எமன்.

ஆனால் இந்தத் தந்திரம் செல்லுபடியாவது கண் நிமிராமலும் குனியாமலும் இருக்கும் வரைக்கும்தான். தலையைச் சாய்த்த கணமே பட்டைகள் சரிந்து, ஒரே தூரம் என்ற கணக்கு உடைந்துவிடும். ஆகவே டூமில் மேலேயும் கீழேயும் பார்க்க முடியாது. பார்க்க முடியாவிட்டால் மாடத்தில் நிற்கும் பிசாசை எப்படிச் சுடுவது? கேமே தோட்டாவை ஏற்றி இறக்கி விடுகிறது. பக்கவாட்டில் மட்டும் சரியாகத் திரும்பி நின்றால் போதும். ராக்கெட் விஷயத்தில் இன்னும் தாராளம். நேரே யாரும் இல்லையென்றால் இடமும் வலமும் 5.6 டிகிரி வரை தேடிப் பார்த்து, அகப்பட்டவர் பக்கம் தானே திரும்பிப் போகும்.

கன்சோலில் முதல்முறை டூம் விளையாடும்போது அது ஏன் இவ்வளவு சுலபமாகக் கைக்கு வசப்படுகிறது என்பதற்கான காரணம் இதுதான் என்று நினைக்கிறேன். மவுஸை எவ்வளவு நகர்த்துகிறோமோ அவ்வளவு பார்வை நகரும். கட்டை விரலால் அசைக்கும் கன்சோலின் ஸ்டிக் அப்படி அல்ல. அதைச் சாய்த்தால் பார்வை ஒரு வேகத்தில் திரும்பத் தொடங்கும். சரியான கணத்தில் விரலை எடுக்க வேண்டியது நம் பொறுப்பு. இடம் காட்டும் கருவி ஒன்று, வேகம் காட்டும் கருவி மற்றொன்று. வேகத்தைக் கொண்டு ஒரு புள்ளியில் நிற்பது கஷ்டம், அதையே மேல் கீழ், இடம் வலம் என இரண்டு திசைகளில் ஒரே நேரத்தில் செய்வது இன்னும் கஷ்டம். 1996இல் வந்த குவேக் உண்மையான முப்பரிமாணத்தோடு அந்த இரண்டாவது திசையைத் திறந்துவிட்டது. கட்டை விரலுக்கு அன்று பிடித்தது சனி. டூமில் அந்தத் திசையே கிடையாது.

இன்னொன்றும் உண்டு. மவுஸ் இல்லாமல் வெறும் கீபோர்டில் விளையாடியவர்களும் அன்று ஏராளம். அம்புக்குறி பட்டன் என்பது ஆன் அல்லது ஆஃப். மெல்லத் திருப்பு, வேகமாகத் திருப்பு என்று அதற்குச் சொல்ல முடியாது. அதற்காக டூமின் நிரலில் ஓர் ஏற்பாடு இருக்கிறது. பட்டனை அழுத்திய முதல் 6 டிக்குகளுக்கு வினாடிக்குச் சுமார் 62 டிகிரி வேகத்தில்தான் நாயகன் திரும்புவான். பிடித்துக்கொண்டே இருந்தால் 123 டிகிரி. ஓடும்போது 246 டிகிரி. லேசாகத் தட்டினால் குறி பார்க்கலாம், அழுத்திப் பிடித்தால் முதுகுப் பக்கம் திரும்பலாம். இன்றைய கன்சோல் கேம்களில் ஸ்டிக்குக்கு வேக முடுக்கம் என்று செட்டிங்கில் தருகிறார்களே, அதன் தாத்தா இது.

ஓடுவதில்தான் ஸ்டிக் கொஞ்சம் ஏமாற்றும். டூமில் முன்னே ஓடும் விசையும் பக்கவாட்டில் ஓடும் விசையும் தனித்தனியாகக் கூட்டப்படுகின்றன. இரண்டையும் சேர்த்து அழுத்தினால் மூலைவாக்கில் 28 சதவீதம் கூடுதல் வேகம் கிடைக்கும். கீபோர்டு ஆட்டக்காரர்கள் இதை வைத்துப் பள்ளங்களைத் தாண்டினார்கள். வட்டக் குழிக்குள் அசையும் ஸ்டிக்கை மூலைக்குத் தள்ளினால் ஒவ்வொரு திசைக்கும் சுமார் 70 சதவீதம்தான் போய்ச் சேரும். எஞ்சின் எழுதியவர் இதைக் கவனித்து ஈடு செய்யாவிட்டால், அன்று வேகமாக இருந்த பாதை இங்கே நேர் ஓட்டத்தைவிட மெதுவாகிவிடும்.

ஸ்டிக்குக்கு மாற்று, கன்சோலுக்குள் இருக்கும் ஜைரோ. கருவியையே கையில் திருப்பினால் பார்வை திரும்பும். மவுஸ்போல இதுவும் இடம் காட்டும் வகை. ஆனால் ஜைரோ அளப்பது உங்கள் மணிக்கட்டை மட்டும் அல்ல, தான் திரும்பும் எதையும். ஓடும் பஸ்ஸில் விளையாடினால், வளைவில் பஸ் திரும்பும்போது நாயகனும் கூடவே திரும்பிச் சுவரைப் பார்த்து நிற்பான்.

பஸ் என்றதும் தலைசுற்றல் நினைவுக்கு வருகிறது. அன்றே டூம் பலருக்குக் குமட்டலைத் தந்தது. கண் நான் நகர்கிறேன் என்கிறது, உள்காதின் சமநிலை உறுப்பு இல்லை என்கிறது. இந்த முரண்தான் காரணம் என்பது பரவலாக ஏற்கப்பட்ட விளக்கம். டூமின் பார்வைக் கோணம் 90 டிகிரி. அகலத் திரையில் பக்கங்களை விரித்துக் காட்டும் எஞ்சின்களில் 106 டிகிரி ஆகிவிடும். அவ்வளவையும் காட்டும் ஸ்விட்சின் 6.2 அங்குலத் திரை, 35 சென்டிமீட்டர் தள்ளிப் பிடித்தால் நம் கண்ணில் வெறும் 22 டிகிரி இடத்தைத்தான் அடைக்கிறது. பழைய 14 அங்குல மானிட்டர் மேசையில் சுமார் 30 டிகிரி அடைத்தது. சின்னத் திரையைச் சுற்றி அசையாத அறை கண்ணில் பட்டுக்கொண்டே இருப்பதால் குமட்டல் குறைய வாய்ப்பு அதிகம். வீட்டில் சரி. பஸ்ஸில் அறையே அசைகிறது.

டூம் கையடக்கக் கருவிக்கு வந்தது ஸ்விட்சோடுதான் என்றும் இல்லை. 2001இலேயே கேம்பாய் அட்வான்ஸில் வந்தது. 240க்கு 160 பிக்ஸல், பின்னொளி இல்லாத திரை, டூமோ இருட்டறைகளின் கேம். ரத்தத்தைப் பச்சையாக்கி விற்றார்கள். அந்த வெளிச்சத்தில் எந்த நிறமாக இருந்தால்தான் என்ன?

ஒரு பதிப்பு மூலத்துக்கு உண்மையாக இருக்கிறதா என்று பார்க்க, அந்த உலகத்தின் கணக்கு முழுவதையும் ஒரே அடியில் சோதிக்கும் வழி ஒன்று டூமுக்குள்ளேயே இருக்கிறது. டூமில் நிஜமான தற்செயல் கிடையாது. 0 முதல் 255 வரையிலான எண்கள் கொண்ட 256 கட்டப் பட்டியல் ஒன்று உண்டு. பிஸ்டல் தோட்டா தரும் சேதம் 5ஆ, 10ஆ, 15ஆ என்று தீர்மானிக்க வேண்டும்போது பட்டியலின் அடுத்த எண்ணை எடுத்துக்கொள்வார்கள். விளையாட்டுக்கு ஒரு வரிசை, திரை அலங்காரங்களுக்கு வேறு வரிசை. ஒன்று மற்றதைக் குழப்பாது. தசமக் கணக்குக்குத் தனி உறுப்பு இல்லாத 386 சிப்பிலும் ஓட வேண்டும் என்பதற்காகக் கணக்கு எல்லாம் முழு எண்களில். அதனால் எந்த மெஷினிலும் விடை ஒன்றே. இதன் பலன், ஒருவர் விளையாடியதைப் பதிவு செய்ய வீடியோ தேவையில்லை. முன்பின், பக்கவாட்டு, திருப்பம், பட்டன் என ஒரு டிக்குக்கு 4 பைட் எழுதி வைத்தால் போதும். ஒரு நிமிட ஆட்டம் 8,400 பைட்.

கார்மாக் 1997 டிசம்பரில் டூமின் நிரலைப் பொதுவில் விட்ட பிறகு எழுதப்பட்ட எஞ்சின்கள் பலவற்றை ரசிகர்கள் இப்படித்தான் சோதிக்கிறார்கள். அன்றைய பதிவு ஒன்றை எடுத்துப் புது எஞ்சினில் ஓடவிடுவது. எங்கோ ஒரு இடத்தில் பட்டியலிலிருந்து ஓர் எண் கூடுதலாக எடுக்கப்பட்டிருந்தால், ஒரு பிசாசு அரை அடி தள்ளி நிற்கும், தோட்டா தவறும், செத்திருக்க வேண்டியது சாகாது. பதிவிலுள்ள நாயகனுக்கோ எதுவும் தெரியாது. அவன் 1994இல் யாரோ அழுத்திய பட்டன்களின்படி ஆளில்லாத மூலையைச் சுட்டுவிட்டு, மூடிய கதவில் முட்டிக்கொண்டே நடப்பான்.