கொல்லைப்புறத்து வசந்தம்

மாசி பிறந்து, பின்பனியின் ஈரம் விடியற்காலையோடு ஒழிந்துபோய், புங்க மரம் பழுத்த இலைகளை உதிர்த்த கையோடு பளபளக்கும் தளிர்களை விட்டு, கல்யாண முருங்கையின் மொட்டைக் கிளைகளில் செந்நிறப் பூக்களும் தோன்றிவிட்டனவென்றால், தமிழ்நாட்டுக் கொல்லைகளில் வசந்தம் பிரவேசித்துவிட்டது என்று பஞ்சாங்கத்தைப் பாராமலே சொல்லிவிடலாம். குளிர் தேசங்களில் வசந்தம் பறவைகள் திரும்பி வரும் காலம். நம்மிடமோ அது பெரும்பாலும் விருந்தாளிகள் விடைபெறும் காலம். ஐப்பசி முதல் மரநிழலில் சருகைக் கிளறிக்கொண்டு, விடியலிலும் அந்தியிலும் மட்டும் குரல் கொடுத்து வந்த ஆறுமணிக்குருவி, மத்திய இந்தியக் காடுகளையும் இமயத்தின் அடிவாரத்தையும் நாடிப் புறப்பட்டுவிடும். சூறைக்குருவிக் கூட்டங்கள் மத்திய ஆசியாவுக்குப் பிரயாணமாகும். மாங்குயிலும் வடக்கே போய்விடும். இவை போனபின், வருஷம் முழுவதும் நம் கண்ணெதிரே இருந்தும் நாம் பொருட்படுத்தாத உள்ளூர்ப் பறவைகள் தங்கள் கிருஹஸ்தாசிரமத்தைத் தொடங்குகின்றன.

வசந்தம் என்றதும் நமக்கு ஞாபகம் வருவது குயிலின் சங்கீதந்தான். பனிக்காலத்தில் அது வாய் திறவாதிருப்பதால் எங்கோ தேசாந்தரம் போய்விட்டதென்று பலர் நினைத்தாலும், உண்மையில் அது பக்கத்து மரத்திலேயே மௌனமாகப் பழம் தின்றுகொண்டிருந்திருக்கும். பங்குனியில் குரலை ஏற்றி ஏற்றிக் கூவுவது, கருநிற மேனியும் சிவந்த கண்ணும் உடைய ஆண். பழுப்பு மேனியில் வெண்புள்ளிகள் கொண்ட பேடைக்கு அந்த இசை கிடையாது, விட்டுவிட்டு எழும் கூர்மையான சத்தம் மட்டுமே உண்டு. கேட்கிற நமக்கு அது கானம். கூவுகிற பறவைக்கோ துணையை அழைப்பதும், போட்டியாளனை எல்லைக்கு அப்பால் நிறுத்துவதுமான காரியம். காகம் சுள்ளி பொறுக்கிக் கூடு கட்டி முட்டையிடும் சமயம் பார்த்துத் தன் முட்டையையும் அதில் சேர்த்துவிடும் பேடையின் சாமர்த்தியமும் இந்தக் காரியத்தின் ஒரு பகுதியே. குயிலின் முட்டை காகத்தின் முட்டைக்குச் சில நாள் முன்னதாகப் பொரிந்துவிடுவதால், வளர்ப்புத் தாயின் இரையில் முதற்பங்கு வந்தேறிக் குஞ்சுக்குப் போய்ச் சேருகிறது.

ஆகவே, பாட்டோடு நின்றுவிடாமல் அதன் பின்னே நடக்கும் சம்சாரத்தையும் கவனிக்கிறவனுக்கே வசந்தம் முழுமையாகப் பிரத்யக்ஷமாகும். உள்ளங்கையில் அடங்கிவிடக்கூடிய தையல்சிட்டு, தன் உருவத்துக்குச் சற்றும் பொருந்தாத உரத்த குரலில் வேலியோரத்தை அதிரச் செய்யும். அதன் பேடையோ, இடுப்பளவு உயரத்துச் செடியிலேயே அகன்ற இலையொன்றைத் தேர்ந்து, அதன் ஓரங்களில் அலகால் நுண்ணிய துளைகளிட்டு, சிலந்தி நூலையோ பஞ்சையோ நாரையோ அவற்றினூடே இழுத்து, இரு ஓரங்களையும் கூட்டித் தைத்துப் பையாக்கிவிடும். முடிச்சுப் போடுவதில்லை, துளைக்கு வெளியே வந்த நூலின் நுனி பிரிந்து பருத்துவிடுவதால் அது திரும்ப நழுவுவதில்லை. துளைகள் அவ்வளவு சிறியவையாதலின் இலை வாடாமல் பச்சையாகவே இருந்து, உள்ளிருக்கும் பஞ்சு மெத்தையையும் முட்டைகளையும் பிறர் கண்ணிலிருந்து மறைத்துக் காக்கிறது.

ஊதாத் தேன்சிட்டின் வீட்டிலும் கட்டட வேலை பேடையுடையதே. பனிக்காலத்தில் மஞ்சள் மார்பின் நடுவே ஒற்றைக் கருங்கோடு மட்டும் தரித்திருந்த ஆண், இப்போது நீலமும் ஊதாவும் மின்னும் கரிய உடை பூண்டு, சகல பூக்களும் தனக்கே பாத்தியம் என்பதுபோலப் பிற ஆண்களை விரட்டிக்கொண்டிருக்க, பேடை தாழ்ந்த கிளை நுனியிலோ வராந்தாவில் தொங்கும் கம்பியிலோ ஒரு சிறு தொங்கற்கூட்டைப் பின்னுகிறது. மரப்பட்டைத் துணுக்கு, சருகு, கம்பளிப்பூச்சியின் எச்சம் ஆகியவற்றைச் சிலந்தி நூலால் ஒட்டவைத்து, பக்கவாட்டில் ஒரு வாசலும் வாசலுக்கு மேல் சிறு தாழ்வாரமும் அமைத்துவிட்டால், அது கூடென்றே தோன்றாது. காற்றில் சிக்கிய குப்பை என்றே தோன்றும். தேனருந்தும் இந்தப் பறவைகூடத் தன் குஞ்சுகளைத் தேனால் வளர்ப்பதில்லை. தசையும் இறகும் விரைந்து வளரவேண்டிய அந்தப் பருவத்தில் சிலந்தியும் புழு பூச்சியுமே ஆகாரம்.

முருங்கையின் பட்ட கிளையைக் குடைந்து, செம்பு தட்டுவதுபோல் நாளெல்லாம் ஒலிக்கும் குக்குறுவான் ஆணும் பெண்ணுமாகப் பொந்து அமைக்கிறது. தவிட்டுக்குருவிகளின் குடும்பத்திலோ, பெற்றவர்கள் மட்டுமன்றிக் கூட்டத்து உறவினரும் குஞ்சுக்கு இரை கொண்டு வருகிறார்கள்.

இவற்றைப் பார்க்கப் பெரிய உபகரணம் எதுவும் வேண்டியதில்லை. நாவலாசிரியர் அ. மாதவையாவின் புதல்வராக 1912-இல் பிறந்து, 1950 முதல் 1996 வரை ‘ஸ்டேட்ஸ்மன்’ பத்திரிகையில் இயற்கையைப் பற்றி எழுதிவந்த மா. கிருஷ்ணன், காட்டு யானையைக் கவனித்த அதே சிரத்தையோடு வீட்டைச் சுற்றித் திரியும் பறவைகளையும் கவனித்தவர். ஒரே இடத்தில், ஒரே வேளையில் அசையாமல் உட்கார்ந்து, பறவையின் அலகில் என்ன இருக்கிறதென்று மட்டும் நோக்கினால் போதும். நார் இருந்தால் சுவர் எழும்புகிறது. பஞ்சு இருந்தால் மெத்தை தயாராகிறது. பச்சைப்புழு இருந்தால் குஞ்சு பொரித்துவிட்டது. வெண்ணிறப் பை போன்ற எச்சத்தைக் கவ்வி வெளியே கொண்டுபோனால் தாய் தொட்டிலைச் சுத்தம் செய்கிறது. கூட்டை எட்டிப் பார்க்காமலே குடும்ப விருத்தாந்தம் முழுவதும் விளங்கிவிடும். எட்டிப் பார்ப்பது ஆபத்தும்கூட. நாம் விலக்கிய இலை வழியே காகமும் பூனையும் கூட்டைக் கண்டுகொள்ளும்.

ஒட்டடை, பட்ட கிளை, சருகு, புழு விழுந்த இலை, வெடித்துச் சிதறிய இலவம்பஞ்சு என இந்த இல்லறங்களுக்கெல்லாம் வேண்டிய சாமான்களைக் கணக்கிட்டால், வருஷப் பிறப்புக்கு முன் வீட்டையும் கொல்லையையும் துப்புரவு செய்கிற நாம் முதலில் தூக்கியெறிகிறவை அவையே என்பது புலப்படும். பூச்சிமருந்து தெளித்து ஒரு புழுவும் மிஞ்சாமல் செய்துவிட்ட தோட்டத்தில் பூவும் நிழலும் ஏராளமாக இருக்கலாம். குஞ்சுக்குச் சோறு இராது. வெயிலுக்கு வாய் திறந்து இளைக்கும் பறவைகளுக்காக ஆழமில்லாத மண்தட்டில் தினம் புதுத் தண்ணீர் வைப்பது புண்ணியந்தான். அதைக் காட்டிலும் பெரிய உபகாரம் ஒன்றுண்டு. அதற்கு ஒரு பிரயாசையும் வேண்டாம். வீட்டினுள்ளே எவ்வளவு வேண்டுமானாலும் பெருக்கிக்கொள்ளுங்கள். கொல்லையை மட்டும் ஆடி மாதம் வரை அதன் போக்கில் விட்டுவிடுங்கள். சோம்பலுக்கு இத்தனை சன்மானம் தரும் ருது வேறொன்று கிடையாது.