கோயமுத்தூரார் கப்பல் ஏறிய கதை

கோயமுத்தூரில் இல்லாத பொருள் ஒன்று உண்டென்றால் அது சமுத்திரந்தான். சிறுவாணித் தண்ணீர் இருக்கிறது. நூல் மில்லும் பம்பு செட்டும் இருக்கின்றன. வெயில் காலத்தில் ஓடி ஒளிந்துகொள்ள நீலகிரி இருக்கிறது. கடலைப் பார்க்க வேண்டுமானால் மட்டும் மேற்கே கொச்சிக்கோ, கிழக்கே நாகப்பட்டினத்துக்கோ ரயில் ஏற வேண்டும். அப்படியிருந்தும் இந்த ஊரின் நடுமத்தியிலுள்ள பூங்காவுக்கு ஒரு கப்பல்காரரின் பெயரைத்தான் வைத்திருக்கிறோம். வ. உ. சி. பூங்காவுக்குள் நுழையும் குழந்தை, "யார் அது?" என்று கேட்டால், "கப்பலோட்டிய தமிழர்" என்று பதில் சொல்லிவிட்டு மேலே நடந்துவிடுகிறோம். தூத்துக்குடியில் கப்பல் ஓட்டியவருக்குக் கோயமுத்தூரில் என்ன வேலை என்று குழந்தை அடுத்த கேள்வி கேட்காமலிருப்பது நம்முடைய அதிர்ஷ்டம்.

என் பெரியம்மா கேட்டுவிட்டார். அதுவும் நடுக்கடலில் கேட்டார். அந்தக் கதையைத்தான் சொல்ல வருகிறேன்.

2023-ம் வருஷம் ஜூன் 5-ந் தேதி சென்னைத் துறைமுகத்திலிருந்து இலங்கைக்கு உல்லாசப் பிரயாணக் கப்பல் ஒன்று முதன் முதலாகப் புறப்பட்டது. கப்பலின் பெயர் 'எம்ப்ரஸ்', அதாவது சக்கரவர்த்தினி. 1990-ல் பிரான்சு தேசத்தில் ஸாந் நஸேர் என்னும் ஊரில் கட்டியது. நீளம் 211 மீட்டர், பதினொரு தட்டு, கொள்ளளவைக் குறிக்கும் டன் கணக்கில் நாற்பத்தெட்டாயிரத்துக்கு மேல். வேறு தேசங்களில் முப்பது வருஷம் உழைத்துவிட்டு, 2021 முதல் கார்டீலியா என்ற இந்தியக் கம்பெனியாரிடம் ஓடத் தொடங்கியது. சென்னையில் ஏறினால் அம்பாந்தோட்டை, திருக்கோணமலை, காங்கேசன்துறை ஆகிய மூன்று துறைகளையும் பார்த்துவிட்டு ஐந்தாம் நாள் இரவு கழிந்ததும் சென்னையிலேயே இறங்கலாம் என்பது அப்போதைய ஏற்பாடு. நாங்கள் அந்த வருஷம் ஆடி மாதத்தில் கிளம்பினோம். நான், என் மனைவி, இரண்டு குழந்தைகள், காங்கயத்துக்கு அருகேயுள்ள கிராமத்திலிருந்து பெரியம்மா.

ஆடியில் பிரயாணமா என்று வீட்டில் ஆட்சேபம் கிளம்பியது. "கல்யாணத்துக்குத்தானே ஆடி ஆவாது? கடலுக்கு என்ன வந்துது!" என்று பெரியம்மாவே அதைத் தீர்த்து வைத்தார். எழுபத்து நாலு வயதில் அவருக்குப் பாஸ்போர்ட்டு எடுத்தோம். புகைப்படத்தில் சிரிக்கக் கூடாது என்று சொன்னதுதான் அவருக்குப் பிடிக்கவில்லை.

சேரன் எக்ஸ்பிரஸில் இரவு ஏறி மறுநாள் காலையில் சென்னை சேர்ந்தோம். கொங்கு நாட்டை ஆண்ட சேரர் மேல்கடலில் துறைமுகம் வைத்திருந்தவர்கள். அவர்கள் பெயர் தாங்கிய வண்டியில் கீழ்க்கடலுக்குப் போனது ஒரு வேடிக்கை. துறைமுகத்தில் பாஸ்போர்ட்டுச் சோதனை, பெட்டிச் சோதனை, வரிசை எல்லாம் விமான நிலையத்தில் இருப்பது போலத்தான். ஆனால் விமானத்தில் ஏறும்போது மனிதனுக்கு விமானம் தெரிவதில்லை. கப்பல் தெரிகிறது. கரையிலே நின்று அண்ணாந்து பார்த்தபோது, எங்கள் ஊர்ப் பெரிய மில் ஒன்றைத் தண்ணீரில் இறக்கி வைத்தாற்போல் இருந்தது.

இங்கே ஒரு எச்சரிக்கை. கப்பல் அறைகளில் நாலு வகை உண்டு: ஜன்னலே இல்லாத உள்ளறை, கடல் தெரியும் அறை, தாழ்வாரத்தோடு கூடிய அறை, அதற்கும் மேலான பெரிய அறைகள். எங்களுக்கு டிக்கட்டு வாங்கிக் கொடுத்தவர் கடல் தெரியும் என்று வாக்களித்தார். (அவர் பெயர் வேண்டாம், எங்கள் தெருவில்தான் இருக்கிறார்.) கதவைத் திறந்தால் நாலு பக்கமும் சுவர். டிக்கட்டில் அறையின் வகை அச்சாகியிருக்கிறது. பணம் கொடுப்பதற்கு முன் அதைப் படித்துக் கொள்ளுங்கள். ஆனால் உள்ளறையிலும் ஒரு லாபம் இருந்தது. அது கப்பலின் நடுப்பாகத்தில், கீழ்த் தட்டில் அமைந்திருந்தது. கப்பல் ஆடும்போது முன்னும் பின்னும் உயரேயும் இருப்பவர்கள் படும் அவஸ்தையில் நடுவிலும் கீழேயும் இருப்பவர்களுக்குப் பாதிகூடக் கிடையாது. ஏற்றத்தின் அச்சுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தவனுக்கு ஆட்டம் குறைவு என்பதை நம் குடியானவர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

புறப்படுவதற்கு முன் எல்லோரையும் ஒரு தட்டில் கூட்டி, ஆபத்து வந்தால் எங்கே நிற்பது, மிதவைச் சட்டையை எப்படி அணிவது என்று ஒத்திகை பார்த்தார்கள். 1912-ல் 'டைட்டானிக்' மூழ்கியதன் பலனாக 1914-ல் லண்டனில் தேசங்கள் கூடிச் செய்துகொண்ட கடல் பாதுகாப்பு உடன்படிக்கையிலிருந்து வளர்ந்த ஏற்பாடு அது. பெரியம்மா அதைச் சிரத்தையோடு செய்தார். பிறகு இழுவைப் படகுகள் வந்தன. துறைமுகத்து வழிகாட்டி மாலுமி மேலே ஏறிக் கப்பலை வெளியே கொண்டுபோய் விட்டு, ஒரு சிறு படகில் இறங்கித் திரும்பினார். சென்னையின் விளக்குகள் ஒரு கோடாகி மறைந்தன.

அப்போதுதான் பெரியம்மா கேட்டார்: "ஏங்கண்ணு, இந்தக் கப்பல் யாருது?"

"நம்ம தேசத்துக் கம்பெனிதானுங்க, பெரியம்மா."

"அப்ப, நம்ம சனத்துல மொதல்ல கப்பல் ஓட்டுனது, அந்தப் பூங்காக்காரர்தானே? அவரு பேரை நம்மூருல எதுக்கு வெச்சாங்க?"

சுருக்கமாகச் சொல்லி முடிக்கலாம் என்று ஆரம்பித்தேன். முடியவில்லை. நேயர்களும் சற்றுப் பொறுக்க வேண்டும்.

தமிழர்கள் வெகு காலமாகக் கப்பலோட்டியவர்கள்தான். ஆனால் 1900-ஐ ஒட்டிய வருஷங்களில் தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே நீராவிக் கப்பல் விட்டுக்கொண்டிருந்தது பிரிட்டிஷ் இந்தியா கம்பெனி. ஒட்டப்பிடாரத்து வக்கீல் வ. உ. சிதம்பரம் பிள்ளை 1906 அக்டோபரில் சுதேசி ஸ்டீம் நாவிகேஷன் கம்பெனியைப் பதிவு செய்தார். மூலதனம் பத்து லட்ச ரூபாய். பங்கு ஒன்று 25 ரூபாயாக 40,000 பங்குகள். முதலில் வாடகைக்குக் கப்பல் பிடித்தார். எதிர்க் கம்பெனியார் கப்பல் சொந்தக்காரரை நெருக்கவே அது கைநழுவிப் போயிற்று. சொந்தக் கப்பல் இல்லாமல் திரும்புவதில்லை என்று பம்பாய்க்குப் போனார். 'காலியா' வந்தது; பிரான்சிலிருந்து 'லாவோ' வந்தது. ஒவ்வொன்றிலும் ஆயிரத்துக்கு மேற்பட்ட ஜனங்கள் ஏறலாம்.

பிறகு நடந்தது கட்டண யுத்தம். வெள்ளைக்காரக் கம்பெனி ஆளுக்கு ஒரு ரூபாய் என்று இறக்கியது. சுதேசிக் கம்பெனி எட்டணா என்றது. உடனே அவர்கள் இலவசமாகவே ஏற்றிக்கொண்டு, கையில் ஒரு குடையும் கொடுக்க முன்வந்தார்கள். சும்மா கொடுத்த குடையையும் வேண்டாமென்று எட்டணா கொடுத்துச் சுதேசிக் கப்பலில் ஏறியவர்கள் இருந்தார்கள். அந்த எட்டணாக்காரர்களில் ஒருவர் பெயராவது எந்தப் பூங்காவுக்காவது வைக்கப்பட்டிருக்கிறதா என்று எனக்கு அவ்வப்போது தோன்றுவதுண்டு.

1908 மார்ச்சில் பிள்ளையவர்களைக் கைது செய்தார்கள். ஜூலையில் தீர்ப்பு: ராஜத் துரோகத்துக்கு ஒன்றும் அதற்கு உடந்தையாக இருந்ததற்கு ஒன்றுமாக இரண்டு ஆயுள் தண்டனைகள். மேல் முறையீட்டில் அது குறைந்தது. கம்பெனி 1911-ல் கலைந்தது. கப்பல்கள் விலை போயின.

இவ்வளவு சொல்வதற்குள் பெரியம்மா தூங்கிவிட்டார். கோயமுத்தூர் பாகம் சொல்லாமல் நின்றுவிட்டது.

மறுநாள் முழுதும் கரையே இல்லை. கப்பலில் பொழுதுபோக்குக்குக் குறைவில்லை: நாடகம், பாட்டு, நீச்சல் குளம், எந்நேரமும் சாப்பாடு, சைவர்களுக்குத் தனி வகை உண்டு. சூதாட்ட மண்டபமும் உண்டு. 2022 ஜூனில் இதே கப்பல் புதுச்சேரிக்குப் போனபோது, சூதாட்டத்தைக் காட்டி எதிர்ப்பு எழுந்து, துறைமுகத்துக்குள் வர அனுமதி கிடைக்கவில்லை. நாங்கள் அந்தப் பக்கம் போகவில்லை. மேல் தட்டில் நாற்காலி போட்டுக்கொண்டு சும்மா இருந்தோம். கொங்கு நாட்டார் சும்மா இருப்பது அபூர்வம். அதற்காகவே இந்தப் பிரயாணத்தைச் சிபாரிசு செய்யலாம்.

இலங்கையின் தென்கோடியை நெருங்கும்போது காற்று பிடித்துக்கொண்டது. கப்பல் மெதுவாக அசைந்து கொடுத்தது. "இது நம்மூர் ஆடிக் காத்தாட்டவே இருக்குது" என்றார் பெரியம்மா. அதேதான்! பாலக்காட்டுக் கணவாய் வழியே புகுந்து பல்லடத்திலும் உடுமலையிலும் காற்றாலைகளைச் சுழற்றும் தென்மேற்குப் பருவக் காற்றுத்தான் அங்கேயும் அடிக்கிறது. இரண்டாயிரம் வருஷத்துக்கு முன் இந்தக் காற்றைப் பிடித்துத்தான் யவனர்கள் முசிறிக்கு வந்தார்கள். நொய்யல் கரையிலுள்ள கொடுமணலில் கல்லுக்குப் பட்டை தீட்டி மணி கோத்தார்கள் நம் முன்னோர்கள். படியூர்ப் பச்சைக்கல் கணவாய் வழியே மேல்கடலுக்குப் போயிற்று. பதிலுக்கு வந்த ரோமாபுரி நாணயங்கள் கோயமுத்தூருக்குப் பக்கத்தில் வெள்ளலூரில் புதையலாகக் கிடைத்தன. நமக்கும் கடலுக்கும் சம்பந்தமில்லை என்று இனிமேல் யாராவது சொன்னால் கேட்டுக்கொண்டு இருக்காதீர்கள்.

அம்பாந்தோட்டையைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. பெரிய துறைமுகம், புதிது, 2010-ல் திறந்தது. கடனும் நஷ்டமும் சேர்ந்து, 2017-ல் அதைச் சீனக் கம்பெனி ஒன்றுக்கு 99 வருஷக் குத்தகைக்கு விட்டார்கள். கப்பல் யாருடையது என்று மட்டும் கேட்டால் போதாது, துறை யாருடையது என்றும் கேட்க வேண்டியிருக்கிறது.

திருக்கோணமலை வேறு உலகம். ஆடி மாதத்தில் தென்கரை கொந்தளிக்க, கீழ்க்கரை குளத்துத் தண்ணீர் போல் இருந்தது. மலைகள் சூழ்ந்த அந்த இயற்கைத் துறைக்காகப் போர்த்துக்கேயர், டச்சுக்காரர், பிரெஞ்சுக்காரர், இங்கிலீஷ்காரர் என்று நாலு ஜாதியார் அடித்துக்கொண்டதில் ஆச்சரியமில்லை. இங்கிலீஷ்காரர் தங்கள் கடற்படைத் தளத்தை விட்டுப் போனது 1957-ல். கோணேசுவரர் கோயிலுக்குக் கோட்டையின் உள்ளே புகுந்துதான் போக வேண்டும். பதினேழாம் நூற்றாண்டில் போர்த்துக்கேயர் பழைய கோயிலை இடித்து, அதன் கற்களைக் கொண்டே அந்தக் கோட்டையைக் கட்டினார்கள். இப்போது கோட்டைக்குள்ளே மான்கள் மேய்கின்றன. உச்சியில் கோயில் மறுபடியும் இருக்கிறது. பாறையின் விளிம்பில் நின்று எட்டிப் பார்த்தால் செங்குத்தாகக் கீழே நீலக் கடல். பெரியம்மா என் மகளின் கையைப் பிடித்துக்கொண்டே வெகு நேரம் பார்த்தார். கப்பலுக்குத் திரும்ப வேண்டிய மணி ஆகிவிட்டது. கப்பல் ரயிலைவிடக் கண்டிப்பானது, தாமதித்தவர்களுக்காகக் காத்திருப்பதில்லை.

"காங்கேசன்துறை" என்ற பெயரைக் கேட்டதும், "நம்ம காங்கயமாட்ட இருக்குதே!" என்று பெரியம்மாவுக்கு ஒரே உற்சாகம். மாவிட்டபுரம் கோயிலுக்குக் காங்கேயனாகிய முருகனின் விக்கிரகம் வந்து இறங்கியதால் அப்பெயர் என்பது அவ்வூர் ஐதிகம். இறங்கியதும் அவர் பார்த்தது கோயிலை அல்ல, மண்ணை. யாழ்ப்பாணத்துச் செம்மண்! ஆறு கிடையாது, கிணற்றை நம்பி வெங்காயமும் மிளகாயும் புகையிலையும் விளைவிக்கிறார்கள். வேலி, பனை, கிணறு, கணக்கான தண்ணீர் எல்லாம் நம் சீமையைப் பார்ப்பது போலவே இருந்தது. அங்கேயே ஒரு வயற்காட்டு அம்மாளுடன் பெரியம்மா பேச்சுக் கொடுத்துவிட்டார். கொங்குத் தமிழும் யாழ்ப்பாணத் தமிழும் முதலில் கொஞ்சம் முட்டிக்கொண்டன. வெங்காய விலை வந்ததும் இரண்டும் ஒன்றாகிவிட்டன. யுத்த காலத்தில் ஊரைவிட்டுப் போய்ப் பல வருஷம் கழித்துத் திரும்பி, காடாகிக் கிடந்த காணியைத் திருத்தியதாக அந்த அம்மாள் சொன்னார். பெரியம்மா ஒன்றும் பேசாமல் ஒரு பிடி மண்ணை எடுத்துப் பார்த்துவிட்டுக் கீழே விட்டார்.

பக்கத்திலே கீரிமலை. கடலை ஒட்டிய சுனையில் நல்ல தண்ணீர் ஊறுகிறது. குழந்தைகள் அதிலே குதித்தார்கள்.

கடைசி இரவு. கப்பல் சென்னையை நோக்கித் திரும்பியிருந்தது. பெரியம்மா தாமாகவே ஆரம்பித்தார்: "அந்தக் கதையை முடிக்கிலியே கண்ணு."

முடித்தேன். 1908 ஜூலை முதல் 1910 டிசம்பர் வரை சிதம்பரம் பிள்ளை இருந்தது கோயமுத்தூர்ச் சிறையில். கல்லுடைக்கச் சொன்னார்கள், சணல் கிழிக்கச் சொன்னார்கள், மாட்டுக்குப் பதிலாகச் செக்கிலே பூட்டி வெயிலில் இழுக்க வைத்தார்கள். பிறகு கண்ணனூருக்கு மாற்றி, 1912 டிசம்பரில் விட்டார்கள். செய்யுளாக அவர் எழுதிய சுயசரிதையில் நம் ஊர்ச் சிறை விரிவாகவே வருகிறது.

பெரியம்மா பிறந்த வீட்டில் செக்கு இருந்தது. காங்கயம் காளைகளைக் கட்டி ஆட்டியதை அவர் சிறு வயதில் பார்த்திருக்கிறார்.

"மாட்டையே உச்சி வேளைக்கு அவுத்து உட்ருவோம் கண்ணு," என்றார். "தண்ணி காட்டி, நெழல்ல கட்டி, வெயில் தாந்தப்பறந்தான் மறுக்காப் பூட்டுவோம். அவரை அவுத்து உட்டாங்களா?"

எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. சிறிது நேரம் கழித்து அவரே கேட்டார்: "அந்தச் செக்கு இன்னும் இருக்குதா?"

"இருக்குதுங்க. ஜெயிலிலேயே நினைவுச் சின்னமாக வைத்திருக்கிறார்கள்."

"ரயிலடிக்குப் பக்கந்தானே? ஊட்டுக்குப் போறப்ப அந்த வழியாவே போயிட்டுப் போலாம்."