மூளையின் பெயரில் ஓர் இதயச் செய்தி

சாங்கிக் கடற்கரையில் நம்முடன் காலைநடை பயிலும் நண்பர் ஒருவர், தம் இரத்தப் பரிசோதனை அறிக்கையைக் கையில் ஏந்திக் கலங்கி நின்றார். சோதனை இதயத்திற்காக எடுத்தது. அதன் பெயரைக் கைத்தொலைபேசி தமிழாக்கியபோது ‘மூளை’ என்ற சொல் முன்னே வந்து நின்றது. மூளைநோயும் வந்துவிட்டதோ என்று அவர் இரவெல்லாம் உறங்கவில்லை.

பிழை கைத்தொலைபேசியினுடையது அன்று. 1988இல் ஜப்பானிய அறிஞர்கள் பன்றியின் மூளையிலிருந்து ஒரு பெப்டைடைப் பிரித்தெடுத்தனர். ஆங்கிலப் பெயரிலும் மூளை இடம்பெற்றது. அது மிகுதியாகச் சுரப்பது இதயத்தின் கீழறைகளில் என்பது பின்னரே தெளிவாயிற்று. பெயரோ பி.என்.பி. எனச் சுருங்கி நிலைத்துவிட்டது. இதில் வியப்பில்லை. எள்ளின் நெய்யே எண்ணெய்; எனினும் தேங்காய் எண்ணெயில் எள்ளைத் தேடுவார் இல்லை.

இதயச் சுவர் சுமை தாங்காது விரியும்போது இப்பொருள் குருதியில் பெருகும். ட்ரோபோனின் வேறு வகையினது: இதயத் தசை சிதையும்போது கசியும் புரதம். முன்னது சுமையையும் பின்னது சேதத்தையும் காட்டும். இரண்டும் நெடுநாளைய நிலையையும் ஓரளவு உணர்த்தும். சிங்கப்பூரிலும் நியூசிலாந்திலும் இதயச் செயலிழப்புற்ற 2,000க்கு மேற்பட்டோரைத் தொடர்ந்து கவனித்த ஆய்வு 2018இல் வெளியானது. இரத்தத்தை உந்தும் திறன் குன்றியவரிடத்தும் குன்றாதவரிடத்தும், பி.என்.பி.யின் உடன்பிறப்பான என்.டி.-புரோ-பி.என்.பி. உயர உயர இறப்பு அபாயமும் உயர்ந்தது. இந்தியரிடையே இதயநோய் மிகுந்த இந்நாட்டில் இச்செய்தி நம் வீடுகளுக்கும் உரியது.

இங்கேதான் மொழிபெயர்ப்பாளர் தடுமாறுகிறார். ‘முன்கணிப்பு’ என்றதும் முதியவர் மனத்தில் சாதகக் கட்டம் எழுகிறது. தம் ஆயுளை எண்ணிச் சொல்லிவிட்டார்கள் என்றே கொள்கிறார். மருத்துவர் கூறுவதோ, இவ்வளவு உள்ளவர் நூற்றுவரில் எத்தனை பேருக்குத் தீங்கு நேரக்கூடும் என்பதே. அந்நூற்றுவரில் இவர் எப்பக்கம் என்பதைக் குருதி சொல்லாது. தவிரவும், அந்த எண் நிலையானதன்று. முதுமையிலும் சிறுநீரகப் பழுதிலும் ஏறும். உடல் பருத்தவரிடம் குறைத்துக் காட்டும். தக்க சிகிச்சையால் இறங்கும். ஆகவே ‘இடர்வாய்ப்பு’ என்னும் சொல்லையே நாம் விரும்புகிறோம். சற்றுப் புதிய சொல்தான். ஆனால் சோதிட வாடை இல்லை.

பி.என்.பி.க்கு ‘இதயச் சுமைக் குறிகாட்டி’ என்ற பெயரை நண்பரிடம் சொல்லிப் பார்த்தோம். சற்று நேரம் பேசாதிருந்தவர், “போன முறை இந்தச் சுமை எவ்வளவு இருந்தது என்று டாக்டரைக் கேட்கலாமா?” என்றார்.