கசிந்த திரவமும் அறுந்த தாமிரத் தடமும்

ஜப்பானின் சேகா நிறுவனம் 1990-ஆம் ஆண்டு அக்டோபரில் வெளியிட்ட கேம் கியர் என்னும் கையடக்க விளையாட்டுக் கருவி, ஆறு பென்சில் பேட்டரிகளில் இயங்கிய, பின்னொளியுடன் கூடிய வண்ணத் திரை கொண்டது. இன்று எஞ்சியிருப்பவற்றுள் பல ஒலி தேய்ந்தும் திரை மங்கியும் கிடப்பதற்கு அவற்றின் கெப்பாசிட்டர்களே பெரும்பாலும் காரணம். மின்னூட்டத்தைச் சேமித்து வெளிவிடும் இவ்வுறுப்புகளின் அலுமினியக் குப்பிக்குள் மின்பகுளி, அதாவது அயனிகளின் வழியே மின்சாரத்தைக் கடத்தும் திரவம், அடைபட்டிருக்கிறது. அடியிலுள்ள ரப்பர் அடைப்பு காலப்போக்கில் தளர்ந்ததும் அத்திரவம் கசிந்து மின்சுற்றுப் பலகையில் பரவுகிறது.

பலகையில் உறுப்புகளை இணைக்கும் தாமிரத் தடங்களின் தடிமன் பொதுவாக 35 மைக்ரோமீட்டர், அதாவது ஒரு மில்லிமீட்டரில் ஏறத்தாழ முப்பதில் ஒரு பங்குதான். தடத்தைக் காக்கும் பச்சைப் பூச்சுக்கு அடியில் திரவம் ஊர்ந்து சென்று தாமிரத்தை அரிப்பதால், அறுந்த இடம் கசிந்த கெப்பாசிட்டருக்குச் சற்றுத் தள்ளியும் இருக்கக்கூடும். ஆகவே இப்பழுதுநீக்கத்தில் பற்றவைப்பதைவிடக் கடினமானது அறுந்த இடத்தைக் கண்டறிவதே.

இதற்குப் பயன்படும் மின் அளவியான மல்டிமீட்டர், இணைப்பு இருப்பதைக் காட்ட எழுப்பும் ‘பீப்’ ஒலியை மட்டும் நம்புவது தவறு. முழுதும் அறுபடாமல் மெல்லிய இழையாய் ஒட்டிக்கொண்டிருக்கும் தடமும் அந்த ஒலியை எழுப்பிவிடும். ஆனால், தேவையான மின்னோட்டத்தை அது தாங்காது. 0.2 மில்லிமீட்டர் அகலமும் 10 சென்டிமீட்டர் நீளமும் உள்ள நல்ல தடத்தின் மின்தடை சுமார் கால் ஓம் என்பதால், அளவியின் இரு முனைகளையும் ஒன்றோடொன்று தொட்டுக் கிடைக்கும் எண்ணைக் கழித்துவிட்டு, எஞ்சுவதை இத்தகைய மதிப்போடு ஒப்பிட்டுப் பார்ப்பதே நம்பகமான வழி. பலகையின் இரு பக்கங்களையும் இணைக்கும் நுண்துளைகளின் உட்பூச்சும் அரிக்கப்பட்டிருக்கலாம்; வெளியே பளபளப்பாகத் தெரியும் துளையையும் இரு பக்கமும் தொட்டு அளக்க வேண்டும்.

பழைய கெப்பாசிட்டர்கள் அனைத்தையும் கழற்றி, பலகையை ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலும் மென்தூரிகையும் கொண்டு கழுவிய பிறகே பற்றவைப்பு தொடங்க வேண்டும். பற்றவைக்கும் உலோகக் கலவையான சால்டர் உருகியதும், அரிப்பு படிந்த கறுத்த தாமிரத்தில் ஒட்டாமல் உருண்டு விலகிவிடும். எனவே அறுந்த இடத்தின் இரு புறமும் பச்சைப் பூச்சைக் கூரிய கத்தியால் மெல்லச் சுரண்டி, செம்பொன் நிறத் தாமிரம் தெரிந்தபின், ஆக்சைடு படலத்தை நீக்கும் ஃபிளக்ஸைத் தடவி, சால்டரை மெல்லியதாகப் பூச வேண்டும். சால்டரிங் அயர்னை அதிக நேரம் அழுத்திப் பிடித்தால், தாமிரத்தைப் பலகையோடு பிணைக்கும் பிசின் இளகி, நல்ல தடமும் உரிந்து வந்துவிடும். அவசரத்தால் இப்படி அழிந்த பலகைகள், திரவத்தால் அழிந்தவற்றைவிடக் கூடுதலான வருத்தத்தைத் தருபவை.

இடைவெளியை நிரப்ப, சுமார் 0.25 மில்லிமீட்டர் விட்டமுள்ள எனாமல் பூசிய தாமிரக் கம்பியே போதும். பார்வைக்கு முடிபோல் மெலிதாக இருந்தாலும், அதன் குறுக்குவெட்டுப் பரப்பு மேற்சொன்ன தடத்தினதைப்போல் ஏறத்தாழ ஏழு மடங்கு என்பதால், மின்னோட்டத்தைத் தடத்தைவிட எளிதாகவே அது தாங்கும். கம்பியின் முனைகளில் எனாமலைச் சுரண்டிப் பற்றவைத்த பின், அது பக்கத்துத் தடத்தைத் தொடவில்லை என்பதை அளந்து உறுதிசெய்து, புற ஊதா ஒளியில் இறுகும் காப்புப் பூச்சால் மூடி, புதிய கெப்பாசிட்டர்களை நேர், எதிர் முனைகள் மாறாமல் பொருத்தியதும் பலகைக்கு மின்சாரம் கொடுக்கலாம்.