இருபத்தொன்றும் முப்பத்தொன்றும்

டைபாய்டுக்கு எங்கள் பக்கத்துப் பெரியவர்கள் வைத்திருந்த பெயர் இருபத்தொரு நாள் காய்ச்சல். இலங்கையில் நெருப்புக்காய்ச்சல் என்பார்கள். இரண்டுமே பட்டறிந்து வைத்த பெயர்கள். மூன்று வாரம் உடம்பு கொதிக்கும். கஞ்சித் தண்ணீர், நெற்றியில் ஈரத்துணி, குலதெய்வத்துக்கு முடிந்து வைத்த காசு. மூன்றாவது வாரம்தான் கண்டம். குடலில் புண் ஓட்டையாகிவிட்டால் பிழைப்பது அரிது. பத்துப் பேரில் ஒருவரோ இருவரோ படுக்கையிலிருந்து எழாமலே போனார்கள்.

1948-ல் கோலாலம்பூரில் ஸ்க்ரப் டைபஸ் என்ற வேறொரு காய்ச்சல் கண்டவர்களுக்கு ஓர் அமெரிக்கக் குழு குளோராம்பெனிகால் கொடுத்துப் பார்த்தது. அவர்களில் சிலருக்கு இருந்தது டைபாய்டு என்று பிறகு தெரிந்தது. அவர்களுக்கும் காய்ச்சல் விட்டது. அதன்பின் ‘குளோரோமைசிடின்’ என்ற அதன் வணிகப் பெயர் நம் ஊர்களிலும் வீடுதோறும் தெரிந்த பெயரானது. மூன்று வாரக் காய்ச்சல் நாலு நாளில் இறங்கியது.

கால் நூற்றாண்டுகூட அது நிலைக்கவில்லை. 1972-ல் மெக்சிகோவிலும் அதே ஆண்டு கோழிக்கோட்டிலும் அந்த மருந்துக்கு அசையாத டைபாய்டு பரவியது. 1980-களின் கடைசியில் ஆம்பிசிலினும் கோட்ரைமாக்சசோலும் சேர்ந்தே போயின. பிளாஸ்மிட் என்ற சின்ன டி.என்.ஏ. வளையத்தில் மூன்று மருந்துக்கும் எதிர்ப்பைச் சுமந்துகொண்டு கிருமி வந்தது.

சிப்ரோஃபிளாக்சசின் வந்ததும் எல்லோரும் மூச்சு விட்டோம். காலை ஒன்று, இரவு ஒன்று, படுக்கை தேவையில்லை. ஆனால் 1990-களில் ஒரு விசித்திரம் தொடங்கியது. லேப் ரிப்போர்ட்டில் சிப்ரோவுக்கு நேராக ‘எஸ்’ என்று இருக்கும். மருந்துக்குக் கிருமி அடங்கும் என்று பொருள். ஏழாவது நாளும் நோயாளிக்கு 103 டிகிரி அடிக்கும்.

அந்த ரிப்போர்ட்டுக்குப் பின்னால் இருக்கும் லேப் தட்டைக் கொஞ்சம் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். வெளிறிய மஞ்சள் அகார் மேல் நோயாளியின் கிருமியைப் பூசி, மருந்து தோய்ந்த காகித வட்டுகளை வைத்து இரவு முழுதும் சூட்டில் வைப்பார்கள். காலையில் பனி படர்ந்ததுபோல் கிருமி வளர்ந்திருக்கும். மருந்து வேலை செய்யும் இடத்தில் மட்டும் தெளிந்த வட்டம். ஸ்கேலை வைத்து அளப்பார்கள். சிப்ரோவைச் சுற்றி 24 மில்லிமீட்டர். அன்றைய விதிப்படி 21 இருந்தாலே ‘எஸ்’. பக்கத்தில் நாலிடிக்சிக் ஆசிட் வட்டு, சிறுநீர்த் தொற்றுக்கான பழைய மருந்து. அதைச் சுற்றி வட்டமே இல்லை, விளிம்புவரை கிருமி ஒட்டிக்கொண்டிருக்கும். டைபாய்டுக்கு யாரும் கொடுக்காத அந்த மருந்துதான் உண்மையைச் சொன்னது. கிருமியின் ஒரு மரபணுவில் ஒரே ஓர் எழுத்து மாறியதில் நாலிடிக்சிக் முழுதாகத் தோற்றது. சிப்ரோ பாதி தோற்றது. தட்டில் அந்தப் பாதி பலம் போதும். நம் வெள்ளணுவுக்குள்ளேயே குடியிருக்கும் கிருமிக்கு அது போதாது.

2012-ல் அமெரிக்கத் தர நிர்ணய அமைப்பு டைபாய்டுக் கிருமிக்கான கோட்டை 21-லிருந்து 31-க்கு உயர்த்தியது. அதே தட்டு, அதே 24 மில்லிமீட்டர், இப்போது ‘எஸ்’ இல்லை. கிருமி மாறுவது இயற்கை. நம் அளவுகோல் மாற இத்தனை வருடம் ஆனதுதான் எனக்கு ஆறவில்லை. இடைப்பட்ட காலத்தில் ‘எஸ்’ என்ற எழுத்தை நம்பி எத்தனை வீடுகளில் வீணாகக் காத்திருந்தார்களோ.

இன்று ஆஸ்பத்திரியில் நரம்பில் ஏறுவது செஃப்ட்ரையாக்சோன். இங்கே சிக்கல் வேறு. மருந்து சரியாகவே வேலை செய்யும். ஆனால் காய்ச்சல் இறங்க ஒரு வாரம்கூட ஆகும். “மூணு நாளா ஊசி போட்டும் விடலையே டாக்டர்” என்று தாய் கேட்பதில் நியாயம் இருக்கிறது. பசி எடுக்கிறதா, ராத்திரி உச்சம் அரை டிகிரியாவது குறைந்ததா என்று பார்த்துப் பொறுப்பவர் நல்ல மருத்துவர். பொறுக்காதவர் இன்னொரு மருந்தைச் சேர்ப்பார், அல்லது குடும்பமே ஆஸ்பத்திரி மாறும்.

பாகிஸ்தானின் சிந்து மாகாணத்து ஹைதராபாத்தில் 2016-ல் தொடங்கிய டைபாய்டிடம் செஃப்ட்ரையாக்சோனும் தோற்றது. மாத்திரையில் மிஞ்சியது அசித்ரோமைசின் ஒன்றுதான். அதற்கு மேல் மெரோபெனம் போன்ற ஊசிகள். அங்கே குழந்தைகளுக்குப் போட்ட தடுப்பூசி நம் ஹைதராபாத்தில் தயாரானது.

இன்னொரு சிக்கல் அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. டைபாய்டு நோயாளியின் ஒரு மில்லி ரத்தத்தில் கிருமி பெரும்பாலும் ஒன்றோ, அதற்கும் குறைவோதான். அதனால்தான் கிருமியை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சருக்கு 10 மில்லி வரை எடுக்கச் சொல்கிறார்கள், அதுவும் முதல் மாத்திரைக்கு முன்னால். நம்மில் பலர் மெடிக்கல் ஷாப்பில் வாங்கிய நாலு மாத்திரையை விழுங்கிவிட்டு, விடவில்லை என்றபிறகே கையை நீட்டுகிறோம். கல்ச்சர் பாட்டில் ஐந்து நாள் கருவிக்குள் இருந்துவிட்டு ‘வளர்ச்சி இல்லை’ என்று திரும்புகிறது. தட்டும் இல்லை, அளக்க வட்டமும் இல்லை. மருத்துவர் ஊகத்தில் அடுத்த மருந்தை எழுதுகிறார்.