அட்டைப் பெட்டிக்குள் ஓர் இருதயம்

ஒரு குழந்தையின் இருதயம் ஏறக்குறைய அதன் மூடிய கைப்பிடியளவினது. நான்கு மாதச் சிசுவின் பிடியை எண்ணிப் பாருங்கள். அத்துணைச் சிறிய தசைப் பொதியினுள் அறைகளும் வால்வுகளும் குழாய்களும் பின்னிக் கிடக்கின்றன. பிறவியிலேயே அவை இடம் மாறியும் குறைபட்டும் அமைந்துவிட்டால், பாடநூற் படங்கள் அதிகம் உதவமாட்டா. குறைபட்ட இருதயம் ஒவ்வொன்றும் தனக்கென ஓர் அமைப்புடையது.

1953ஆம் ஆண்டில் ஜோன் கிபன் என்னும் அமெரிக்க வைத்தியர், இருதயம், சுவாசப்பை இரண்டின் தொழிலையும் இயந்திரமொன்றிடம் ஒப்படைத்து, திறந்த இருதயத்தினுள் வெற்றிகரமாகச் சத்திரசிகிச்சை செய்தார். ஆயினும், இருதயத்தை நிறுத்திவைக்கும் நேரம் நீள நீள ஆபத்தும் வளரும். நெஞ்சைத் திறந்தபின் வழி தேடுதல் தகாது. முன்னரே கண்டிருத்தல் வேண்டும்.

எங்ஙனம் காண்பது? 1895இல் றொன்ட்கன் கண்ட எக்ஸ் கதிர் நிழலையே தந்தது. 1971இல் இலண்டனில் முதன்முதலாக ஒரு நோயாளியின் தலையைப் படம்பிடித்த சீ.ரீ. ஸ்கான் கருவி, உடலைப் பாண் துண்டுகள்போல மெல்லிய தளங்களாகக் காட்டிற்று. அத்துண்டுகளை மனத்தினுள் அடுக்கி முழுவுருவை எழுப்புவது வைத்தியரின் கற்பனைக்கே விடப்பட்டது. கற்பனை கவிஞருக்கு மாத்திரமே உரியதென்று எண்ணுவோர், சத்திரசிகிச்சை நிபுணர் ஒருவருடன் சிறிது பொழுது பேசிப் பார்ப்பது நன்று.

2015ஆம் ஆண்டில் அமெரிக்காவின் மியாமி நகரிலுள்ள நிக்லஸ் சிறுவர் வைத்தியசாலைக்கு ஒரு பெண்சிசுவின் படங்கள் வந்து சேர்ந்தன. ஒரு சுவாசப்பை இல்லை. இருதயத்திலும் ஏறத்தாழப் பாதி இல்லை. வேறோரிடத்து வைத்தியர்கள் செய்வதற்கு ஒன்றுமில்லை எனக் கூறிவிட்டனர். இருதயத்தின் மாதிரியுருவைச் செய்துதரும் முப்பரிமாண அச்சியந்திரமோ அச்சமயம் பழுதுற்றிருந்தது. ஆகவே ஸ்கான் படங்களைக் கைத்தொலைபேசியில் ஏற்றி, கூகிள் கார்ட்போர்ட் என்னும் மலிவான அட்டைப்பெட்டிக் கருவியினுள் பொருத்தி, தலைமைச் சத்திரசிகிச்சை நிபுணர் றெட்மண்ட் பேர்க்கிடம் கொடுத்தனர்.

அக்கருவியின் தத்துவம் பழையதே. இரு கண்களுக்கும் சற்றே வேறுபட்ட இரு படங்களைக் காட்டினால் மனம் ஆழத்தை உணரும் என்பதை 1838இலேயே வீற்ஸ்ரன் விளக்கியிருந்தார். புதுமை யாதெனின், தலையைத் திருப்பக் காட்சியும் திரும்புவது. பேர்க் அவ்விருதயத்தைப் பல கோணங்களிலும் நோக்கினார். அது வழக்கத்திலும் மிக இடப்புறமாக ஒதுங்கியிருந்தது. ஆதலால் மார்பைக் குறுக்கே அகலப் பிளக்க நேருமோ என்றே முதலில் தோன்றியது. பெரியோருக்கே தாங்கொணா நோவு தரும் வெட்டு அது. பெட்டிக்குள் நோக்கியபின், நெஞ்சின் நடுவே வழக்கமான வெட்டொன்றே போதும் எனத் துணிந்தார். டிசம்பரில் அவ்வாறே சத்திரசிகிச்சை நடந்தது, குழந்தையும் பிழைத்தது.

இதற்காக அப்பெட்டியை அற்புதமென்று கொண்டாட நான் ஒருப்படேன். ஸ்கான் தவறவிட்டதை அது காட்டாது. வால்வுகளின் மெல்லிய இதழ்கள் பலவேளை தெளிவாகப் பதிவதில்லை. எது தசை, எது குருதி என எல்லை வகுப்பதிலும் பிழை நேரலாம். மேலும், படத்தில் நிறைந்து விம்மி நிற்கும் இருதயம், இயந்திரத்துடன் இணைத்துக் குருதி வடிந்தபின் தொய்ந்து சுருங்கிக் கிடக்கும். கத்தி தொடுவது அந்த இருதயத்தையே.